உன் ஊருக்கென்று ஐந்து நிறங்கள்

அன்பு மகளுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தலையணை உறை, மேசை விரிப்பு, திரைச்சீலை எல்லாமே உன் கை அச்சு. தையலும் சுத்தம். "இயற்கையில் இருக்கிற நிறங்களை வைத்து வீட்டுக்கு வேண்டிய பொருட்கள் செய்து விற்கப் போறேன், நீங்க என்ன நினைக்கிறீங்க பெரியம்மா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் மடலாக எழுதுகிறேன். இதே ஆசையோடு இருக்கும் மற்ற பெண்களும் படிக்கட்டும்.

நான் வாக்கப்பட்டு வந்த இந்த நகரத்தில் அந்த ஆசையைச் சாதித்துக் காட்டிய இரண்டு பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் கதையை முதலில் கேள்.

எங்கள் வீட்டிலிருந்து காலி வீதியிலேயே வடக்கே போனால் 'பேர்ஃபுட்' கடை வரும். பழைய வீடு ஒன்றுதான் கடை. உள்ளே கைத்தறித் துணிகள் அடுக்கடுக்காக இருக்கும். கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை, செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் வாடாமல்லி. நம் ஊரில் 'சேராது' என்று ஒதுக்கிவிடும் ஜோடிகள் அங்கே சேர்ந்து நிற்கும். பின்னால் முற்றம், சிற்றுண்டிச்சாலை, ஓவியக்கூடம். இதை உருவாக்கியவர் பார்பரா சன்சோனி. 1928இல் கண்டியில் பிறந்து, நம் கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்டிலும் படித்து, லண்டனில் ஓவியம் கற்றவர். நல்லாயன் கன்னியர் சபையின் அயர்லாந்துத் துறவி ஒருவர், ஏழைப் பெண்களுக்குத் தறி பழக்கும் தங்கள் நிலையத்துக்கு வடிவமைப்பு செய்து தரும்படி அவரைக் கேட்டார். 1960களில் அது ஒரு தொழிலாக வளர்ந்தது. ஊர்ப்புறப் பெண்கள் வீட்டைவிட்டுத் தூரம் போகாமல் நெசவு செய்து சம்பாதித்தார்கள்.

பார்பரா தறிக்காரர் அல்ல, ஓவியர். அதனால் பார்ப்பதைத்தான் முதல் வேலையாக வைத்துக்கொண்டார். இலங்கையின் பழைய வீடுகளையும் விகாரைகளையும் தேடித் தேடி வரைந்தார். அந்த ஓவியங்கள் 1978இல் 'விகாராஸ் அண்ட் வெராண்டாஸ்' என்ற நூலாக வந்தன. தறியில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்றால், இரண்டும் பின்னும் இடத்தில் கண்ணுக்கு மூன்றாவது நிறம் தெரியும். ஓவியர் தட்டில் வண்ணம் குழைத்துப் பெறுவதை அவர் நூலில் பெற்றார். 2022 ஏப்ரலில், காலி முகத்திடலில் மக்கள் திரண்டிருந்த அந்த நெருக்கடியான நாட்களில், அவர் காலமானார். கடை இன்றும் நடக்கிறது.

இன்னொருவர் ஈனா டி சில்வா, 1922இல் பிறந்தவர். பத்திக் தொழிலுக்கு இலங்கையில் புது உயிர் கொடுத்தவர் என்று இங்கே எல்லோரும் அவரைச் சொல்வார்கள். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் அவருக்கு முற்றம் வைத்து ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். பத்திக் வேலை அந்த வீட்டிலேயே நடந்தது. பாவா 1960களின் இறுதியில் கட்டிய பெந்தோட்டை கடற்கரை விடுதியின் கூரையை ஈனாவின் பத்திக் துணிகள்தான் அலங்கரித்தன. பிற்காலத்தில் அவர் மாத்தளைக்குப் பக்கத்தில் தன் பூர்வீக ஊரான அளுவிகாரைக்கே திரும்பிப் போய், அங்குள்ள பெண்களைச் சேர்த்துப் பத்திக், தையல் வேலைகளை வளர்த்தார். 2015இல் மறையும்வரை அந்த ஊர்தான் அவர் தொழிற்கூடம்.

இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்றைக் கவனி கண்ணு. வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து இவர்கள் நிறம் எடுக்கவில்லை. தாங்கள் நிற்கிற மண்ணைப் பார்த்து எடுத்தார்கள். அதோடு, எடுத்த நிறத்தைப் பலருடைய கையால் திரும்பத் திரும்பக் கொண்டுவரவும் கற்றார்கள். பார்வையும் அந்தப் பழக்கமும் ஒன்றாக இருந்ததால்தான் தொழில் நின்றது. உன்னிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் நிறம். உன் படங்களில் ஒரு டஜனுக்கு மேல் நிறங்கள் எண்ணினேன். பாதிக்கு மேல் எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பவை. நெமிலிச்சேரியில் இருக்கிற நீ வேறெங்கும் தேட வேண்டாம். ஸ்டேஷனில் இறங்கி நடந்தாலே போதும். பூவரசம்பூ காலையில் மஞ்சள், நடுவில் அரக்கு. சாயங்காலம் வாடும்போது அதே பூ செந்நிறத்துக்கு மாறிவிடும். ஒரே பூவில் ஒரு தலையணை ஜோடிக்கு வேண்டிய நிறம் இருக்கிறது. பங்குனியில் புங்கமரம் துளிர்விடும்போது வெயில் பட்டுப் பளபளக்கும் அந்தப் பச்சை, மற்ற மாதங்களில் கிடைக்காது. திருநின்றவூர் ஏரிப் பக்கம் போனால் நீரின் சாம்பல் நீலம், ஆகாயத்தாமரையின் வெளிர் ஊதா. திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளில் அடுக்கியிருக்கும் செங்கலில், வெந்ததற்கும் வேகாததற்கும் இடையே எத்தனை சிவப்பு!

காஞ்சிபுரம் உனக்கு ரொம்பத் தூரமில்லை. அங்கே பட்டு நெய்கிறவர்கள் மாந்துளிர், மயில்கழுத்து, வெங்காயச் சருகு, மிளகாய்ப்பழம் என்றுதான் நிறத்தைக் கேட்டு வாங்குவார்கள். கண்ணெதிரே இருக்கும் பொருளைச் சொன்னதும் சாயம் போடுகிறவருக்கு அந்த நிறம் விளங்கிவிடும். நீயும் அப்படியே செய். பூவரசு மஞ்சள், பூவரசு அந்தி, புங்கந்துளிர், ஏரி, சூளை. ஐந்தே நிறம் போதும். ஒரு வருஷம் இந்த ஐந்தைத் தாண்டாதே. வாங்கியவர்கள் அடுத்த வருஷம் திரும்பி வந்து அதே நிறத்தில் இன்னும் இரண்டு உறை கேட்டால், அன்றைக்கு உன் தொழில் வேர் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இயற்கைச் சாயம் வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உன் மாவட்டத்துக்கும் நான் வாழும் இந்தத் தீவுக்கும் அதில் பழைய உறவு உண்டு. பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது நம் சாயத்துணிக்காகத்தான். அந்தத் துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கினார்கள். நம் கடற்கரைத் துணியின் பேர்பெற்ற சிவப்பு, மணல் நிலத்தில் வளரும் ஒரு சின்னச் செடியின் வேரிலிருந்து வந்தது. சாயவேர் என்பார்கள். யாழ்ப்பாணம், மன்னார் மணலிலும் அதே வேரைத் தோண்டினார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே சிவப்பு! 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் அத்தகைய சிவப்பு வேர்களில் இருக்கும் அலிசரினை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். 1897இல் செயற்கை அவுரி நீலமும் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டியவர்களும் அவுரி பயிரிட்டவர்களும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

இன்று இயற்கைச் சாயம் மெல்லத் திரும்புகிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி பயிராகிறது. ஆரோவில்லில் 'கலர்ஸ் ஆஃப் நேச்சர்' என்ற கூடம் பழைய முறைப்படி தொட்டியில் புளிக்கவைத்து அவுரி நீலம் போடுகிறது. உனக்கு ஒருநாள் பயணம்தான், போய்ப் பார்த்துவிட்டு வா. பருத்தியை வேர்ச்சாயத்தில் முக்கினால் மட்டும் நிறம் பிடிக்காது. கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரம் கொடுத்தால்தான் வேர்ச்சிவப்பு நூலில் ஒட்டும். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து எடுத்தால் கருப்பு. மஞ்சள்கிழங்கு நிறம் பார்க்க அழகு, ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். திரைச்சீலைக்கு அதை நம்பாதே.

இயற்கையைப் பார்த்து எடுத்த நிறம் வேறு, செடியைக் காய்ச்சி எடுத்த சாயம் வேறு. இரண்டுமே நேர்மையான தொழில்தான். எது எது என்று அட்டையில் எழுதி ஒட்டு. ஆலைச் சாயத்தில் போட்ட பூவரசு மஞ்சளை 'மூலிகைச் சாயம்' என்று விற்கிறவர்கள் எங்கும் உண்டு. அந்தக் கூட்டத்தில் நீ சேரக் கூடாது.

இனி, நிறத்தைத் திரும்பக் கொண்டுவரும் வேலை. அதைக் கற்றுக்கொள்ள உனக்கு வாத்தியார் வீட்டிலேயே இருக்கிறார். உன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய மனிதர். பார்பராவும் ஈனாவும் இங்கே தொழில் தொடங்கிய அதே காலத்தில், 1964இல், தொடங்கிய எஸ்டேட் அது. முதல் பீஸைக் கம்பெனி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மீதி ஜாப் ஓடும். ஆயிரமாவது பீஸும் முதல் பீஸின் அளவிலேயே இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைச் சாயத்துக்குக் கொண்டு வா. ஒவ்வொரு நிறத்துக்கும் முதல் துண்டை வெட்டி நோட்டில் ஒட்டு. பக்கத்தில் துணியின் எடை, அதற்கு எத்தனை சதவீதம் சாயம், எந்தத் தண்ணீர், எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்று எழுது. கைப்பிடி அளவு போதாது, தராசு வேண்டும். போர் தண்ணீரும் மழைநீரும் ஒரே நிறம் தராது. இரும்புச் சத்துள்ள நீர் நிறத்தை மங்கடிக்கும். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துண்டு பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியலாம். அதனால் வாசலில் வைத்துப் பார்த்த பிறகே மூட்டை கட்டு. ஒவ்வொரு புது நிறத்திலும் ஒரு துண்டைப் பத்துமுறை துவைத்து, இன்னொன்றைப் பாதி மூடி வெயிலில் ஒரு மாதம் போட்டு வை. சாயம் போகும் என்றால் அது உனக்கு முதலில் தெரியட்டும்.

சாயத் தண்ணீரை என்ன செய்வாய்? இதைக் கேட்காமல் இயற்கையின் பேரில் தொழில் செய்ய நமக்கு உரிமை இல்லை. நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டுப்போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். வீட்டளவில் செய்தாலும் கழிவு கழிவுதான். தெருக் கால்வாயில் விட்டால் அது ஏதோ ஒரு ஏரியைத்தான் சேரும். சாயமேற்றும் வேலையை, சுத்திகரிப்பு வசதியோடு முறையாக நடக்கும் பட்டறையிடம் கொடு. அச்சு, தையல், அலங்காரத்தை நீ வைத்துக்கொள். செலவு கூடும், கூடட்டும். நிறம் கொடுக்கிற ஏரியைக் கெடுத்துவிட்டு 'ஏரி' என்று பெயர் வைத்து உறை விற்பது என்னால் தாங்க முடியாத காரியம்.

துணிக்கு அலைய வேண்டாம். உன் மாவட்டத்திலேயே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறி ஓடுகிறது. தைக்க ஆள் தேடவும் தூரம் போக வேண்டாம். அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வருஷக்கணக்கில் மிஷின் மிதித்து, பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்ட பெண்கள் உங்கள் பகுதியில் நிறையப் பேர். அவர்கள் கையில் நல்ல வேலை இருக்கிறது, போய்வர ரயிலும் நேரமும்தான் இல்லை. பார்பராவும் ஈனாவும் செய்தது இதைத்தான். வேலையை அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நீ கொடுக்கும் கூலி, எக்ஸ்போர்ட் கம்பெனி கொடுப்பதற்குக் குறையக் கூடாது.

விலையில்தான் நம் பெண்கள் தோற்றுப் போகிறார்கள். துணி, சாயம், நூல், ஜிப் விலையைக் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விற்றுவிடுகிறார்கள். தையல் கூலி, கரண்ட், கூரியர், கெட்டுப்போன துண்டு, அச்சுக்கட்டையின் தேய்மானம், கடைக்காரர் கமிஷன் எல்லாம் விலைக்குள் வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் உன் சம்பளம் வர வேண்டும். நீ நிறம் தேடி நடந்த நேரமும் வேலைதான். வீட்டில் இருந்து செய்வதால் உன் உழைப்பு இலவசம் என்று யாராவது சொன்னால், அம்மாவே சொன்னாலும், ஒத்துக்கொள்ளாதே. தொழிலைப் பதிவும் செய்துகொள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. செய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காமல், அப்பாவை வைத்துக்கொண்டு நீயே செய்துவிடு. வங்கிக் கடனுக்குப் போகும்போது உதவும்.

சின்னதாக இருப்பதைக் குறையாக நினைக்காதே. 2022இல் இங்கே டாலர் இல்லாமல், இறக்குமதி நின்று, பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களை நான் பார்த்தேன். பக்கத்திலேயே துணியும் பக்கத்திலேயே கைகளும் வைத்திருந்த தொழில்கள் அந்த நாட்களில் எப்படியோ தாக்குப்பிடித்தன. தூரத்துச் சரக்கை நம்பியிருந்தவர்கள் கடையைப் பூட்டினார்கள். உன் நிறம், துணி, தையல் மூன்றும் உன் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. எவ்வளவு பெரிய பலம் என்று தெரிந்து வைத்துக்கொள்.

எனக்கு எட்டுத் தலையணை உறை வேண்டும். பூவரசு மஞ்சளில் நான்கு, அந்தி நிறத்தில் நான்கு. பதினாறு அங்குலம். தீபாவளிக்கு உன் பெரியப்பா சென்னை வரும்போது எடுத்து வருவார். பில் போட்டு அனுப்பு. சொந்தக்காரிக்கென்று ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது, தைத்தவர்களின் கூலியும் உன் சம்பளமும் அதில் முழுதாக இருக்க வேண்டும். அடுத்த வருஷம் அதே நிறத்தில் இன்னும் நான்கு கேட்பேன். நோட்டைப் பத்திரமாக வை.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
பெரியம்மா