உப்பைத் தேடும் மெழுகுவர்த்தி

'கொதிகலன் குழாயில் கசிவு. 210 மெகாவாட் மின் உற்பத்தி பாதிப்பு.' தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கிற எவருக்கும் பழகிப்போன செய்தி இது. நிலையத்தின் பெயரும் யூனிட் எண்ணும் மாறும், நாலு வரிச் செய்தி மாறாது. இப்படி ஒன்றைப் படித்த கையோடு, அனல்மின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் நண்பரிடம் கேட்டேன்: ஏன் எப்போதும் கொதிகலன் குழாயே ஓட்டையாகிறது?

"காரணம் நிறைய இருக்கு. சாம்பல் அரிக்கும், சூடு கூடும், வெல்டிங் விட்டுப்போகும். ஆனா கடற்கரையில இருக்கிற ஸ்டேஷன்னா, பாய்லரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டர்பைனுக்குக் கீழ போய்க் கண்டென்சரைப் பாரு. அங்க ஒரு குழாய் ஒழுகினா கடல் பாய்லருக்குள்ள போயிடும்" என்றார். ஒழுகும் குழாயைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை அறிமுகப்படுத்துவதாகவும் சொன்னார். அப்படித்தான் அந்த அண்ணாச்சியைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இன்னும் ஒப்பந்தக்காரர்களிடமே வேலைக்குப் போகிறவர்.

கிழக்குக் கடற்கரையில் உள்ள ஓர் அனல்மின் நிலையம். டர்பைன் ஓடும் மேல்தளத்தில் இரைச்சல் காதை அடைக்கிறது. படியிறங்கிக் கீழே வந்தால், டர்பைனின் அடிவயிற்றோடு ஒட்டி, ஒரு வீட்டைவிடப் பெரிய இரும்புப் பெட்டி நிற்கிறது. அதுதான் கண்டென்சர். டர்பைனைச் சுழற்றி முடித்த நீராவி முழுவதும் இதற்குள்தான் இறங்குகிறது. உள்ளே நெருக்கமாக அடுக்கிய குழாய்கள். 210 மெகாவாட் யூனிட் ஒன்றில் அவை 15,000-க்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். வரிசையாகப் போட்டால் தூத்துக்குடியிலிருந்து மதுரைவரை எட்டும். குழாய்களுக்குள் கடல்நீர் ஓடுகிறது, மணிக்கு இரண்டரைக் கோடி லிட்டர் அளவில். வெளிப்புறத்தில் நீராவி மோதிக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக அடியில் உள்ள தொட்டியில் விழுகிறது. அதை ஹாட்வெல் என்கிறார்கள். அந்தத் தண்ணீர் மறுபடி கொதிகலனுக்குப் போகும்.

ஆவியை வானத்தில் விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் என்ன என்று தோன்றலாம். இரண்டு காரணங்களால் அது முடியாது. கொதிகலன் குடிப்பது உப்பு நீக்கிச் சுத்திகரித்த தண்ணீர்; அதைக் கொட்டிவிடக் கட்டுபடியாகாது. இரண்டாவது காரணம்தான் பெரியது. கண்டென்சருக்குள் இருக்கும் அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவி ஏறக்குறைய 14,000 லிட்டர் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரானதும் ஒரே லிட்டராகச் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தில் பிறக்கிற வெற்றிடம் டர்பைனிலிருந்து மேலும் மேலும் ஆவியை இழுக்கிறது. முன்னால் கொதிகலன் தள்ளுகிறது, பின்னால் வெற்றிடம் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழு மின்சாரம். கட்டுப்பாட்டு அறையில் 'வேக்குவம் எவ்வளவு' என்ற கேள்விக்கு 680 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் பக்கத்தில் பதில் வந்தால்தான் ஷிப்ட் பொறியாளர் நிம்மதியாக நாற்காலியில் உட்காருகிறார்.

இந்த வெற்றிடமே ஆபத்தும் ஆகிறது. நல்ல குழாய் ஒன்றில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், கடல்நீர் உள்ளே உறிஞ்சப்படும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அது ஹாட்வெல்லில் கலந்து கொதிகலனுக்குப் போனால், அங்குள்ள சூட்டில் உப்பின் ஒரு பகுதி அமிலமாக மாறிக் குழாயின் உட்சுவரைத் தின்னத் தொடங்கும். வேதியியல் ஆய்வகத்தில் ஹாட்வெல் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். பால் கலந்தாற்போல வெளுத்தால் உப்பு ஏறிவிட்டது என்று பொருள். அப்போது அண்ணாச்சிக்குப் போன் போகும்.

நான் போயிருந்தபோது அப்படித்தான் ஒரு கசிவு. மின்தேவை தணியும் இரவு நேரத்தில் யூனிட்டின் லோடைப் பாதியாகக் குறைத்து, கண்டென்சரின் ஒரு பாதிக்குக் கடல்நீர் வரத்தை நிறுத்தினார்கள். மறுபாதி ஓடிக்கொண்டே இருந்தது. பெர்மிட் எழுதுவது, வால்வுகளைப் பூட்டுவது, தண்ணீரை வடிப்பது என்று நெடுநேரம் போயிற்று. அதை விவரிக்கும் பொறுமை எனக்கு இல்லை. மேன்ஹோலின் போல்ட்டுகளைக் கழற்றியதும் வந்த வாடையைச் சொல்ல வேண்டும். செத்த சிப்பியும் சேறும் பாசியும் கலந்த வாடை. வாட்டர் பாக்ஸ் எனப்படும் அந்த அறைக்குள் ஒரு ஆள் நிற்கலாம், தாராளமாகத் திரும்ப முடியாது. 24 வோல்ட் கைவிளக்கு ஒன்று மட்டும். வெளியே ஒருவர் மேன்ஹோலை விட்டு நகராமல் காவல் நிற்கிறார். உள்ளிருப்பவர் குரல் நின்றால் இழுத்துப்போட வேண்டியது அவர் வேலை. நண்பர் வாங்கிக் கொடுத்த அனுமதியில் நானும் சிறிது நேரம் உள்ளே நின்றேன். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. எதிரே சுவர் முழுவதும் துளைகள், ஒவ்வொன்றும் ஒரு குழாயின் வாய்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தார்.

இந்த ஒரு கருவிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். கடல்நீர் வடிந்துவிட்டது, ஆனால் குழாய்களுக்கு வெளியே, ஆவிப் பக்கத்தில், வெற்றிடம் அப்படியே இருக்கிறது. எந்தக் குழாய் ஓட்டையோ அதன் வாய் இந்த அறையின் காற்றை உறிஞ்சும். சுடரை அதன் அருகில் கொண்டுபோனால் உள்நோக்கிச் சாயும். அவ்வளவுதான் தத்துவம். செய்து பார்க்கும்போதுதான் அதன் கடினம் தெரிகிறது. மேன்ஹோலிலிருந்து வரும் காற்று சுடரை ஆட்டுகிறது. நம் மூச்சே ஆட்டுகிறது. அண்ணாச்சி மறுபக்கத்து மேன்ஹோலைச் சாக்கால் மூடச் சொன்னார். இடது உள்ளங்கையைக் குவித்துச் சுடருக்கு அணை கட்டினார். வரிசை வரிசையாக, அவசரமில்லாமல் நகர்ந்தார். மூச்சை எப்போது விட வேண்டும் என்பதுகூட அவருக்கு ஒரு கணக்கு.

"எல்லாக் குழாயையும் பாக்கணும்னு இல்ல தம்பி. மொதல்ல சிப்பி மாட்டியிருக்கிற குழாயப் பாக்கணும். சிப்பி நின்னா அதச் சுத்தித் தண்ணி பாயும்லா, அங்ஙனதான் குழாய அரிச்சிருக்கும். அதுல இல்லைன்னா மேல் வரிசை. ஆவி நேரா வந்து அடிக்கிற எடம்" என்றார்.

இந்த அறிவு எந்தக் கையேட்டிலிருந்தும் அவருக்கு வரவில்லை. சிக்கிய சிப்பியைச் சுற்றி நீரோட்டம் வேகம் பிடித்து உலோகத்தை அரிப்பதைப் பொறியாளர்கள் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். அவர் அதைத் தன் கைவிரலால் தடவித் தெரிந்துகொண்டிருக்கிறார். இரவு நெடுநேரம் கழிந்தபின், கீழிருந்து எண்ணி எடுக்க வேண்டிய ஒரு வரிசையில், சுடர் சட்டென்று படுத்தது. அவர் மெழுகுவர்த்தியை விலக்கினார், நிமிர்ந்தது. மறுபடி கொண்டுபோனார், படுத்தது. சாக்பீஸால் வட்டம் போட்டார். அப்புறம் 10 மீட்டர் தள்ளி மறுமுனையில் அதே குழாயை அடையாளம் காண வேண்டும். ஒரு முனையில் டார்ச் அடிக்க, மறுமுனை அறையில் நின்ற இளைஞர் ஒளி வந்த வாயைக் குறித்தார். இரு பக்கமும் கூம்பு வடிவப் பித்தளைத் தக்கையை வைத்துச் சுத்தியலால் இறுக்கினார்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் பயனில்லை. மறுபக்கத்து வழியாகக் கடல் வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது: உப்பு இறங்குகிறது.

இப்போது பல இடங்களில் மெழுகுவர்த்திக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டைக் குழாயின் மேல் தாள் குழிந்து உள்ளே போகும். ஹீலியம் வாயுவை வைத்துத் தேடும் கருவிகளும் உண்டு. அண்ணாச்சி இவற்றை எதிர்ப்பவர் இல்லை. தாள் ஒட்டவும் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் கருவி வரக் காத்திருக்க நேரமில்லாத இரவுகளில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர் பிறந்தது தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் குடும்பத்தில். அப்பாவும் அம்மாவும் பாத்தியில் உப்பு வாரியவர்கள். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையையும் உள்ளங்கால் வெடிப்பையும் சிறுவயதிலேயே பார்த்துவிட்டதால் அளத்துக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தாராம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். ஒரு மழைக்காலத்தில் ஊர்க்காரர் ஒருவர் அவரை ஓவர்ஹால் வேலைக்குக் கூட்டிப்போனார். முதல் வேலை, குழாய்களுக்குள் ரப்பர் குண்டைத் தண்ணீர்த் துப்பாக்கியால் செலுத்திச் சேற்றைத் தள்ளுவது. பிறகு குழாய் மாற்றும் கூட்டத்தில் சேர்ந்தார். பழைய குழாயை உருவி, புதியதைத் தாங்குதகடுகளின் துளைகள் வழியே கோத்து, முனையை எக்ஸ்பாண்டர் உருளைகளால் விரித்துத் தகட்டோடு இறுக்க வேண்டும். குறைவாக விரித்தால் ஒழுகும், அதிகமாக விரித்தால் சுவர் மெலிந்து பின்னால் வெடிக்கும். "மோட்டார் சத்தம் கனக்கும் பாருங்க, அப்ப நிறுத்தணும்" என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே இடது காது மந்தமாகிவிட்டது. ஆந்திரம், ஒடிசா, குஜராத் என்று எங்கே யூனிட் நின்றாலும் இந்தத் தென்மாவட்டக் கூட்டம் பெட்டியோடு ரயிலேறும். "உப்பு வேண்டாம்னு ஓடுனேன். கடைசில உப்பத் தேடுற வேலதான் வாச்சது" என்றார்.

இவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? நிலையம் டெண்டர் விடுகிறது. மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போகிறது. அவர் இன்னொருவரிடம் தள்ளிவிடுகிறார். அந்த இன்னொருவர் ஆள் சப்ளை செய்யும் மேஸ்திரியிடம் போகிறார். மூன்று கை மாறிய பணத்தில் மிச்சம்தான் வாட்டர் பாக்ஸுக்குள் நிற்பவருக்கு. டெண்டர் தொகை என்னவென்று அண்ணாச்சியிடம் ஒருநாளும் எவரும் காட்டியதில்லை. நடுவில் இருக்கும் இவர்களில் ஒருவர்கூட மேன்ஹோலுக்குள் தலையை நீட்டியவர் அல்லர். அவர்கள் செய்யும் ஒரே வேலை, உழைப்பவனுக்கும் பணத்துக்கும் இடையில் நிற்பது.

வரலாற்றில் இதற்கு எதிரான ஒரு கணக்கு உண்டு. ஜேம்ஸ் வாட்டுக்கு முன்பிருந்த நியூகோமனின் எந்திரத்தில் நீராவியைச் சிலிண்டருக்குள்ளேயே குளிர்வித்தார்கள். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் ஆறிப்போய், அதை மறுபடி சூடாக்க நிலக்கரி வீணாயிற்று. குளிர்விக்கத் தனிப் பாத்திரம் வேண்டும் என்பது 1765-இல் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் வாட்டுக்குத் தோன்றியது. 1769-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கண்டென்சரின் மூதாதை அது. வாட்டும் அவருடைய கூட்டாளி போல்ட்டனும் கார்ன்வால் சுரங்கங்களில் தங்கள் எந்திரத்தை நிறுவியபோது, பழைய எந்திரத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டுப் பெற்றார்கள். மிச்சப்படுத்தியவனுக்கு மிச்சத்தில் பங்கு.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். வேக்குவம் 10 மில்லிமீட்டர் குறைந்தால் நிலக்கரிச் செலவு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று கூடும். 210 மெகாவாட் யூனிட் முழு லோடில் ஒரு நாளைக்கு 3,000 டன்னுக்கு மேல் எரிக்கிறது. அந்த ஒரு பங்கு, தினம் 30 டன். சேறு அடைத்த குழாய்களைச் சுத்தம் செய்து வேக்குவத்தை மீட்பவர்கள் இந்த நிலக்கரியை மிச்சப்படுத்துகிறார்கள். உப்புக் கசிவை ஒரே இரவில் அடைப்பவர் ஒரு கொதிகலனையே காக்கிறார். மூன்றில் ஒரு பங்கு வேண்டாம். டெண்டரில் எழுதிய கூலியாவது குறையாமல் கைக்கு வர வேண்டாமா?

வருங்கால வைப்புநிதியின் கதை இதைவிட மோசம். 2014-இல் ஒருவருக்கு ஒரே எண் என்ற முறை வருவதற்கு முன், ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அண்ணாச்சிக்குப் புதுப் புது பிஎஃப் எண். சிலர் எண்ணே தரவில்லை. பிடித்தம் மட்டும் செய்தார்கள். 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு சேவை கணக்கில் இருக்க வேண்டும். அவர் உழைத்தது அதைப்போல் பல மடங்கு. காகிதத்தில் அங்கங்கே சில மாதங்கள் சிதறிக் கிடக்கின்றன. குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாய்க்குக்கூட அவரால் உரிமை கோர முடியவில்லை.

ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது நிலையமே, தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பின்னால் வந்த சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. ஆகவே டெண்டர் எழுதும் பொறியாளர்களுக்கும் கணக்கு அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கண்டென்சர் வேலைக்கான ஒப்பந்தத்தில் உள்ளே இறங்கும் ஆட்களின் பெயர்ப் பட்டியலைச் சேருங்கள். கூலி அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போன சான்றைப் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்திடுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அனுபவச் சான்று கொடுங்கள். அதற்கு ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும்.

அண்ணாச்சியிடம் பழைய அடையாள அட்டைகளும் கூலிச் சீட்டுகளும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. பிஎஃப் எண்களைத் தேடி ஒன்றாக இணைத்துக் கொடுக்கத் தெரிந்த தொழிற்சங்க நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அவரோடு வேலை பார்த்த இன்னும் பலர் இதே மாதிரிப் பைகளோடு இருக்கிறார்கள்.