5 மைக்ரான்

ஜூலை, ஆகஸ்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கோடைப் பள்ளிக்குப் பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். உயிர்மருத்துவம் எடுத்தவர்களில் சிலர் திசு வெட்டிப் பழக எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவார்கள். பாடம் நன்றாகவே தெரிந்திருக்கும். திசு சீவும் மைக்ரோடோம் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் கைக்குத் தனியாகப் படிப்பு வேண்டும் என்று புரியும்.

நாங்கள் சீவுவது 5 மைக்ரான் தடிமனில். ஒரு சிவப்பணுவின் அகலமே 7 மைக்ரானுக்கு மேல்.

ஆனால் வேலை பிளேடில் தொடங்குவதில்லை. துண்டு தடித்துவிட்டால் ஃபார்மலின் நடுவரை இறங்காது. ஆல்கஹால் தண்ணீரை முழுக்க இழுக்காவிட்டால் மெழுகு ஏறாது. அப்படி வந்த மெழுகு பிளாக்கை எந்தக் கை வெட்டினாலும் நடுவில் பொத்தல் விழும். கோடைப் படிப்பில் இதற்கெல்லாம் காத்திருக்க நாள் போதாது என்று பிளாக்கை நாங்களே போட்டுவைக்கிறோம். எனக்கு அதில் மனக்குறை உண்டு. பாதித் தொழில் அங்கேதான் இருக்கிறது.

எனக்குக் கற்றுத்தந்த பெரியவர் மைக்ரோடோமின் சக்கரத்தைச் சுற்றும்போது காதால் வேலை பார்ப்பார். கரகரவென்று கேட்டால் உடனே கை நிற்கும். உள்ளே கால்சியம் இருக்கிறது, பிளேடு போய்விடும். சீவல் சுருண்டால் பிளாக்கின் முகத்தில் மெல்ல வாயாவி விடுவார். அந்த ஈரச்சூட்டில் அடுத்தது நேராக வரும். சுற்றும் வேகம் மட்டும் காலையிலும் மாலையிலும் ஒன்றே. அதைப் பிடிக்க எனக்கு வருடக்கணக்கில் ஆயிற்று.

போன கோடையில் ஒரு பெண்ணுக்குச் சீவல்கள் ஒட்டி வரும் ரிப்பன் முழுக்க நெடுக்குக் கோடு விழுந்தது. திருகுகளை இறுக்கிக்கொண்டே இருந்தாள். சக்கரத்தைப் பூட்டி, பிளேடைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னேன். கோடு மறைந்தது. நெடுக்குக் கோடு என்றால் பிளேடின் விளிம்பில் உடைவு; குறுக்கு வரி வந்தால்தான் திருகைப் பாருங்கள். பிறகு சீவலை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டாள். தண்ணீர் மெழுகு உருகும் சூட்டைவிடச் சுமார் 10 டிகிரி குறைவாக இருக்கவேண்டும். சுருக்கம் விரிந்ததும் எடுத்துவிட வேண்டும்; விட்டுவைத்தால் திசு பிரிந்துபோகும். ஹிமாடாக்சிலின், இயோசின் சாயம் ஏற்றிப் பார்த்தபோது சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகள் மடிப்பில்லாமல் கிடந்தன.

மறுநாள் அவள் வகுப்புக்கு முன்பே வந்து, போட்டுவைத்த பிளாக் வேண்டாம், ஃபார்மலினிலிருந்தே செய்கிறேன் என்றாள். பன்றிச் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தேன். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காமல் அளந்து வெட்டினாள்.