பாதை என்னும் சொல்லும் அதன் படமும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில், ஈச்சிலம்பற்றுப் பிரதேசத்தில், கழியொன்று கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்த ஊர் இலங்கைத்துறை முகத்துவாரம். கழி என்பது கடல்நீர் உள்நிலத்துள் ஏறித் தேங்கும் நீர்நிலை. முகத்துவாரம் என்பது அந்நீர் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும் வாய். இவ்விரு சொற்களையும் அவ்வூரில் வளரும் பிள்ளை எவரும் கற்பிக்காமலே அறிந்துகொள்ள, அதே ஊரை விட்டுப் போன குடும்பத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு அவை பாடநூலின் அருஞ்சொற்பொருள் பட்டியலில் கிடக்கும் இரண்டு உருப்படிகளாகவே எஞ்சுகின்றன. புலம்பெயர் தமிழ் வகுப்பறைக்குள் எண்ணிம ஒளிப்படம், அதாவது ஒளியை எண்களாக மாற்றிப் பதிந்துவைக்கும் படம், நுழைவதற்கான தேவை இந்த இடத்திலேதான் தோன்றுகிறது.

ஒன்ராறியோ மாகாணம் 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டம், பின்னர் பன்னாட்டு மொழிகள் திட்டம் எனப் பெயர் மாறி, இருபத்தைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் கல்விச்சபை வகுப்பு நடத்தவேண்டும் என்றும், வகுப்பு வாரத்துக்கு இரண்டரை மணிநேரத்துக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. இரண்டரை மணிநேரத்தில் ஒரு மொழியை உயிரோடு வைத்திருக்கவேண்டிய ஆசிரியர், திரையில் தென்னையைக் காட்டித் 'தென்னை' என்றும், தோணியைக் காட்டித் 'தோணி' என்றும் சொல்லிக்கொடுப்பதைக் குறைகூற முடியாது. எனினும் படத்தைப் பெயர் ஒட்டிய அட்டையாகப் பயன்படுத்தும் அம்முறை, பழைய அரிவரிப் புத்தகத்தின் சித்திரத்தை மின்திரைக்கு ஏற்றியதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை.

கருவி கொணர்ந்த மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய முதல் எண்ணிமக் கமரா ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய இருபத்துமூன்று நொடிகள் எடுத்தது. 1997இல் சோனி வெளியிட்ட மாவிக்கா கமராக்களோ, சாதாரண நெகிழ்வட்டிலேயே படத்தைப் பதிந்தமையால், எடுத்த வட்டைப் பாடசாலைக் கணினியில் செருகி உடனே பார்க்க வழிசெய்தன. படச்சுருள் வாங்கும் செலவும் கழுவிப் பெறும் காத்திருப்பும் நீங்கியதோடு, பிழையான படத்துக்கு விலை இல்லாமற்போனது; விலை இல்லாமற்போனதாலேயே கமராவைப் பிள்ளையின் கையில் துணிந்து கொடுக்க முடிந்தது.

பிள்ளை எடுக்கும் படத்துக்குக் கல்வியியலில் ஓரிடம் உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழக மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கமின்ஸ் 'அடையாளப் பனுவல்' என்ற கருத்தை முன்வைத்தார்: பிள்ளை தன் வீட்டுமொழியிலும் பள்ளிமொழியிலும் எழுதியும் வரைந்தும் படம் சேர்த்தும் ஆக்கும் நூல், அப்பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகும் என்பது அதன் சாரம். மிசிசாகாவின் தோர்ன்வுட் பாடசாலையில் பிள்ளைகள் இருமொழிக் கதைநூல்களை ஆக்கியதும் இவ்வழியிலேயே. அத்தகைய நூலுக்கான வாக்கியத்தை வீட்டுமொழியில் தேடும் பிள்ளை, பெரும்பாலும் வீட்டாரிடமே போகவேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். திருகோணமலைப் பகுதியில் மக்களையும் வாகனங்களையும் ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். 'வீதி' என்ற பொருளில் மட்டும் அச்சொல்லைப் படித்த ஸ்காபரோ மாணவனுக்கு, தண்ணீரில் மிதக்கும் தட்டின்மீது சைக்கிளும் ஆட்களும் நிற்கும் படத்தைக் காட்டி இதுவே பாதை என்றால் நம்பமாட்டான். ஆசிரியர் யாழ்ப்பாணத்தவராயின் அவருக்கே ஐயம் எழலாம். தீர்த்துவைக்கக்கூடியவர் வீட்டிலிருக்கும் அம்மப்பா. படத்தை அச்சிட்டுக் கொடுத்து, 'இதன் பெயரை வீட்டாரிடம் கேட்டு எழுதிவா' என்று அனுப்பும் ஆசிரியர், திரையில் விடையோடு காட்டுபவரைவிட அதிகம் கற்பிக்கிறார். அம்மப்பா பெயரோடு நிறுத்திவிடுவதில்லை. திருகோணமலைப் பகுதியில் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன் பாதைக்குக் காத்துநின்ற பொழுதுகளும் அந்தப் பேச்சில் வந்துசேரும். அப்படம் வெறும் பழங்கால அழகாகச் சுருங்கிவிடாதிருக்க ஆசிரியர் இன்னொன்றையும் சொல்லவேண்டியவராகிறார்: 2021 நவம்பர் 23ஆம் நாள், கிண்ணியாவை அடுத்து, பாலவேலை முடியாதிருந்த குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தபோது பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டனர்.

இலங்கைத்துறை முகத்துவாரக் குடும்பங்களில் பலவற்றுக்குப் பழைய படத்தொகுப்பே இல்லை என்பதும் கருதத்தக்கது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும், 2006இல் மாவிலாற்று நீர்ப்பிணக்கை அடுத்து மூண்ட போரில் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்ததும் வீடுகளோடு படங்களையும் கொண்டுபோயின. மிஞ்சியவை இன்று உறவினரின் வட்சப் வழியே வந்துசேர்கின்றன. எண்ணிமக் கோப்பொன்று எடுக்கப்பட்ட நாளையும், சிலவேளை இடத்தையும், தன்னுள்ளே குறித்துவைக்கும். மீத்தரவு எனப்படும் அக்குறிப்பை வட்சப் வழக்கமாகக் கழற்றிவிட்டே படத்தை அனுப்புகிறது. ஆகவே எங்கே, எப்போது, யார் என்று படத்தின் கீழே கையால் எழுதவைப்பது, 2005இல் தொடங்கிய 'நூலகம்' போன்ற எண்ணிம ஆவணக்காப்பு முயற்சிகள் நாளும் செய்யும் வேலையின் சிறுவர் வடிவமே.

மறுபுறத்தில் பிள்ளை தானே எடுத்துவரும் படங்கள் ஆசிரியரைத் திணறவைக்கின்றன. சனவரி மாதத்துச் சாலையோரப் பனிக்குவியலைப் படமாக்கி அதன் கீழே 'ஸ்னோ' என்று தமிழெழுத்தில் எழுதிவரும் பிள்ளை தவறு செய்யவில்லை. அவ்வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் அப்படியேதான் சொல்கின்றனர். பாடநூல் 'வெண்பனி' என்கிறது. அம்மம்மாவின் நினைவிலுள்ள பனியோ மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது, வெயில் ஏறினால் காய்ந்துவிடுவது. எந்தச் சொல்லை வெட்டுவது என்று தெரியாமல், மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவிட்டு, யார் எதைச் சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறிக்கச்சொல்லும் ஆசிரியருக்கு, அன்றைய வகுப்பில் அடுத்த படத்துக்குப் போக நேரம் இருப்பதில்லை.