தேய்மானம்

பி.காம். படிக்கிறவனுக்கும் மரவேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்க மாமா தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் கணக்கு எழுத அங்கே போவேன். கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மீதி நேரம் மெஷின் பக்கம்தான். ஆகவே இன்றைக்கு பேலன்ஸ் ஷீட் கிடையாது. பயப்படாமல் படிக்கலாம் :-)

மாமாவிடம் இருப்பது மல்டி பர்பஸ் மெஷின். ஒரே மோட்டார், பல வேலை. இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை. அமெரிக்காவில் 1947-லேயே ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் உருவாக்கிய ஷாப்ஸ்மித் என்ற மெஷின் விற்பனைக்கு வந்துவிட்டது. ரம்பம், கடைசல், துளை போடுவது, தேய்ப்பது எல்லாம் அந்த ஒன்றிலேயே நடக்கும். மாமாவுடையது உள்ளூர்த் தயாரிப்பு. மோட்டார் ஷாப்டின் ஒரு முனையில் இருந்து பெல்ட் போய் ரம்பத்தையும் இழைப்பு உருளையையும் சுற்றும். இன்னொரு முனையில் 12 அங்குல இரும்புத் தட்டு. அதன் மேல் உப்புத்தாள் ஒட்டியிருக்கும். அதுதான் டிஸ்க் சாண்டர்.

பார்க்க சாதுவாக இருக்கும், பல் கிடையாது. ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மோட்டார் நிமிடத்துக்கு சுமார் 1440 சுற்று. 12 அங்குல வட்டத்தின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்கு 83 கிலோமீட்டர் போகிறது! பாதி ஆரத்தில் அதில் பாதி. நட்ட நடுவில் வேகமே இல்லை. அதனால் விளிம்பில் மரம் சீக்கிரம் தேயும், கருகவும் செய்யும். நடுப்பக்கம் மெதுவாகத் தேயும். ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்காமல் மரத்தை நகர்த்திக்கொண்டே இருக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது எந்தப் பக்கம் வைப்பது. எதிரே நின்று பார்த்தால் எங்கள் தட்டு இடமாகச் சுற்றுகிறது. இடது பாதி கீழே இறங்கும், வலது பாதி மேலே ஏறும். மரத்தை இறங்கும் பக்கம்தான் வைக்க வேண்டும். அப்போது தட்டே மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிக்கும். ஏறும் பக்கம் வைத்தால் மரத்தைத் தூக்கி எறியும், தூளும் நேராக முகத்துக்கு வரும். "ஏல மருமவனே, எறங்குற பக்கம் நில்லு, ஏறுற பக்கம் போவாத" என்பார் மாமா. (வாழ்க்கைத் தத்துவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அர்த்தம் விபரீதமாகிவிடும்.)

எல்லாத் தேய்ப்புக்கும் இது ஆகாது. பலகையின் அகலமான முகத்தை இதில் தேய்த்தால் வளைவு வளைவாகக் கோடு விழும். கட்டையின் வெட்டுமுகம், பிரேமின் 45 டிகிரி மூலை, வெளிவளைவு இதற்கெல்லாம்தான் டிஸ்க். நடைவண்டிச் சக்கரம் செய்வதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். மேசை மேல் ஒரு பலகையை கிளாம்ப் போட்டு இறுக்கி, அதில் ஒரு ஆணியை முளை மாதிரி நிறுத்துவார்கள். தோராயமாக அறுத்த சக்கரத்தை அதில் சொருகி, தட்டைத் தொடும்படி மெதுவாகச் சுற்றினால் போதும். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம் வந்துவிடும்.

இனி பராமரிப்பு. எதற்குக் கை வைத்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தேய்க்கும்போது ரம்பம் சும்மா சுற்றாமல் இருக்க பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். மேசைக்கும் தட்டுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர் போல இருந்தால் போதும். அதிகமானால் சின்னத் துண்டுகள் உள்ளே இழுபடும், கூடவே விரலும் போகும். மூலைமட்டம் வைத்து மேசை தட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை டிகிரி சாய்ந்தாலும் நான்கு மூலையும் சேரும்போது பிரேம் காட்டிக்கொடுத்துவிடும்.

உப்புத்தாளில் நம்பர் ஏற ஏற நைஸ். உருவம் கொண்டுவர 60 அல்லது 80, வழவழப்புக்கு 120. தாள் அடைத்துக்கொண்டால் உடனே தூக்கிப்போட வேண்டாம். தட்டு சுற்றும்போது கிரேப் ரப்பர் கட்டையை லேசாக வைத்தால் அடைத்த தூள் உருண்டு வந்துவிடும். மணியே மழுங்கிவிட்டால்தான் மாற்ற வேண்டும். மழுங்கிய தாளில் அழுத்தித் தேய்த்தால் மரம் கருகும், மோட்டார் முனகும். பழைய தாளைச் சூடுகாட்டி உரித்து, பசையைச் சுத்தமாகத் துடைத்த பிறகே புதுசு ஒட்ட வேண்டும். அடியில் ஒரு துணுக்குப் பசை இருந்தாலும் அந்த இடம் மேடாகி மரத்தில் பள்ளம் விழும்.

பழைய மரமாக இருந்தால் ஆணி பிடுங்காமல் தேய்க்கக் கூடாது. இரும்பு பட்டால் பொறி பறக்கும். கீழே குவிந்திருக்கும் தூளுக்கு அது போதும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வருமானவரிக் கணக்கில் பொதுவாக இந்த மாதிரி மெஷினுக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம். 100 ரூபாய் மெஷின் அடுத்த வருடம் 85, அதற்கடுத்த வருடம் 72.25. வருடா வருடம் நான்தான் எழுதுகிறேன். தாள், பெல்ட், பேரிங், கிரீஸ் எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, பேரேட்டில் இடமும் இருக்கிறது.

மாமாவின் இருமலுக்கு மட்டும் இடம் இல்லை.

ஐந்தாறு வருடமாகவே இருமுகிறார். காலையில் எழுந்ததும் அதிகம். தேக்கு தேய்க்கிற வாரம் கை முழுக்க அரிப்பு வேறு. டாக்டர் தூசியைக் குறைக்கச் சொல்லிவிட்டார். மாமா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். டிஸ்க்கில் இருந்து வரும் நைசான தூளைத் துண்டு தடுக்காது. அதன் நுனி தட்டில் சிக்கினால் அது இன்னொரு ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்கின் உட்பகுதியில் வருவது. அதைச் சொன்னதும் மாமா சிரித்தார். "எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தத் தூள்லதாம்ல கெடக்கோம்" என்றார்.

நான் விடவில்லை. கையால் இழைத்த தாத்தா காலத்தில் விழுந்தது சுருள் சுருளான சீவல். அது தரையில் கிடக்கும், நெஞ்சுக்குள் போகாது. மெஷின் கிளப்புவது மாவு, காற்றிலேயே நிற்கும். காலம் மாறிவிட்டது, மாமாவின் சமாதானம்தான் மாறவில்லை. இதை அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன். பதில் வரவில்லை.

போன தீபாவளி லீவில் இரண்டு பேரும் சேர்ந்து மேசைக்கு அடியில், தட்டின் கீழ்ப்பாதியை மூடுகிற மாதிரி பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்தோம். அதில் குழாய் மாட்டி புளோயருக்கும் துணிப்பைக்கும் கொடுத்தோம். எல்லாத் தூளும் போய்விடவில்லை. ஆனால் முன்பு சாயங்காலம் டீ கிளாஸ் மேல் படியும் வெள்ளைப் படலம் இப்போது குறைந்திருக்கிறது. மாஸ்க்கை மட்டும் போட மறந்துவிடுகிறார். அதனால் அதை மெஷின் சுவிட்ச் மேலேயே மாட்டி வைத்திருக்கிறேன். அதை எடுக்காமல் மெஷினைப் போட முடியாது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நிமிடம் என்னை முறைப்பார். அப்புறம் போட்டுக்கொள்வார்.

நான் ஊரில் இல்லாத நாட்களில் என்ன செய்கிறார் என்று மேஸ்திரியிடம்தான் கேட்க வேண்டும். தினமும் போன் போட்டுக் கேட்கிறேன். புளோயர் வாங்கிய பில்லை மெஷின் கணக்கில் ஏற்றிவிட்டேன், அதற்கும் 15 சதவீதம்தான்.