கார்டு உங்களுடையதா, கம்பெனியுடையதா?

டிஜிட்டல் விசிட்டிங் கார்டுக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் எந்த வகைக்கு மாறுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரு வகையில் பெயர், எண், மின்னஞ்சல் எல்லாம் ‘விகார்டு’ என்ற பொது வடிவில் க்யூஆர் கட்டங்களுக்குள்ளேயே இருக்கும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் சேமிக்கலாம். சிக்னல் கிடைக்காத கண்காட்சி அரங்கிலும் வேலை செய்யும். இன்னொரு வகையில் இருப்பது ஒரு நிறுவனத்தின் இணைய முகவரி மட்டுமே. சந்தா கட்டத் தவறினாலோ, அந்த நிறுவனமே மூடப்பட்டாலோ, நீங்கள் கொடுத்த கார்டுகள் அத்தனையும் செல்லாமல் போகலாம். இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கார்டு எப்போது, ஏறக்குறைய எந்த ஊரிலிருந்து திறக்கப்பட்டது என்பதை அந்த நிறுவனத்தின் சர்வரால் குறித்துவைக்க முடியும். நம்மை நம்பி ஸ்கேன் செய்தவருக்கு அது தெரியவே தெரியாது.

‘எண் மாறினால் என்ன செய்வது, இணைப்பு என்றால் திருத்திக்கொள்ளலாமே?’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் 2015 முதல் இந்தியா முழுவதும் எண்ணை மாற்றாமலே மொபைல் சேவை நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. வேலை மாறினால் புதிய க்யூஆரைச் சில நிமிடங்களில் இலவசமாக உருவாக்கலாம். படம் சேர்க்க இடம் போதாது என்பதும் உண்மைதான். ஒரு க்யூஆர் அதிகபட்சம் 2,953 பைட்தான் தாங்கும். ஆனால் தொழில் தொடர்புக்குப் பெயரும் எண்ணும் போதும். புகைப்படக்காரர், கட்டடக் கலைஞர் போன்றோர் தங்கள் வேலையைக் காட்டியாக வேண்டும். அவர்கள் சொந்த டொமைன் வாங்கி அதன் முகவரியைத் தரலாம்.