ஏழு எழுத்தும் ஒரு திருட்டும்

மக்களே, கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. (யாரும் தேடலைங்கறது வேற விஷயம், ஹி ஹி.) இன்னிக்குச் சொந்தக் கதை. கொஞ்சம் வெட்கக்கேடான கதையும் கூட.

நானும் எங்க அக்காவும் மொபைல்ல ஸ்க்ராபிள் ஆடுவோம். அவ ராஜபாளையத்துல, நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு. தெரியாதவங்களுக்குச் சின்ன விளக்கம்: மொத்தம் 100 சில்லு. கையில ஏழு எழுத்து இருக்கும். அதை வச்சுப் பலகையில ஆங்கில வார்த்தை கட்டணும். ஆல்ஃபிரட் பட்ஸ்னு ஒரு அமெரிக்க கட்டடக் கலைஞர் 1930-கள்ல, வேலை இல்லாத நேரத்துல, பேப்பர்ல எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணி எண்ணி உருவாக்கின ஆட்டம் இது. அதனாலதான் அடிக்கடி வர்ற 'ஈ'க்கு 12 சில்லு, ஆளுக்கு ஒரு புள்ளி. 'க்யூ' ஒண்ணே ஒண்ணு, 10 புள்ளி. ஏழு எழுத்தையும் ஒரே வீச்சுல இறக்கினா 50 புள்ளி போனஸ்.

இப்ப கொசுவத்தி சுத்தறேன். நான் தமிழ் மீடியம். ஆறாவது படிக்கறப்ப அக்கா தினம் அஞ்சு வார்த்தை லிப்கோ டிக்‌ஷனரியிலேர்ந்து எழுதிக் குடுப்பா. சாயங்காலம் ஒப்பிக்கலைன்னா தலையில ஒரு குட்டு. பிளஸ் டூவுல என்னைவிட அவ மார்க் அதிகம். ஆனா வீட்டு நிலைமைக்கு ஒருத்தரைத்தான் காலேஜுக்கு அனுப்ப முடியும்னு ஆச்சு. அது நான் ஆனேன். அவ கரெஸ்பாண்டன்ஸ்ல பி.காம் முடிச்சு, டியூஷன் எடுத்து, என் செமஸ்டர் ஃபீஸ்ல பாதியைக் கட்டினா. "இங்கிலீஷ்ல மட்டும் உன்னை ஜெயிச்சுட்டே இருப்பேன்டா"ன்னு சொல்லிச் சிரிப்பா. ஜெயிச்சுட்டும் இருந்தா. பத்து ஆட்டத்துல எட்டு அவளுக்குத்தான்.

சும்மா இருப்பானா இஞ்சினியர்? ஒரு ஞாயித்துக்கிழமை முப்பது வரியில பைத்தான் நிரல் ஒண்ணு எழுதினேன். பெரிய வித்தை இல்லை. ஜான் பென்ட்லியோட 'ப்ரோகிராமிங் பேர்ல்ஸ்' படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச சமாசாரம்தான். ஒவ்வொரு வார்த்தையோட எழுத்தையும் அகர வரிசையில அடுக்கி அதையே சாவியா வச்சுக்கணும். 'லிசன்', 'சைலன்ட்' ரெண்டுக்கும் அதே ஆறு எழுத்து, அதனால ஒரே சாவி. கையில இருக்கற ஏழு எழுத்துலேர்ந்து ரெண்டோ அதுக்கு மேலயோ எடுத்தா 120 சேர்க்கை. பலகையில இருக்கற ஒரு எழுத்தைச் சேர்த்தா அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஒவ்வொண்ணையும் அடுக்கிப் பட்டியல்ல தேடினா, கண் சிமிட்டறதுக்குள்ள விடை வந்துரும். 'யூ' இல்லாம 'க்யூ' வர்ற வார்த்தை எல்லாம் வரிசை கட்டி நிக்கும்.

மூணு வாரம் தொடர்ந்து ஜெயிச்சேன். அக்கா முதல்ல "கலக்கறடா"ன்னா. அப்புறம் பேச்சு குறைஞ்சுது. ஒரு நாள் நான் 'எட்டீரியோ'ன்னு ஒண்ணு இறக்கினேன். ஏழுமே ஒத்தைப் புள்ளி எழுத்து, ஆனா போனஸோட 57. உடனே போன்.

"டேய், இப்படி ஒரு வார்த்தையா? அர்த்தம் என்ன?"

ஙே... எனக்கு எப்படித் தெரியும்? "ஏதோ லத்தீன்க்கா"ன்னு மழுப்பினேன்.

"எனக்கு வர வர மூளையே வேலை செய்யலைடா தம்பி. ராத்திரி புள்ளைங்க தூங்கினப்புறம் பழைய லிப்கோவை எடுத்து வச்சுப் படிக்கறேன். அப்படியும் உன்கிட்ட தோத்துட்டே இருக்கேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குத்தான் சாப்பாடு இறங்கலை.

ராத்திரி அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடினேன். ஒரே பூவுலேர்ந்து பல சின்னச் சின்னக் காய் உண்டாகி, ஒரே பழமா சேர்ந்திருந்தா அதுக்குப் பேர் அது. உதாரணம் சீத்தாப்பழம்னு போட்டிருந்தது. எங்க வீட்டுக் கொல்லையில நிக்கற மரம்! சின்ன வயசுல அதுக்கடியில உட்கார வச்சுத்தான் அக்கா எனக்கு வார்த்தை ஒப்பிக்க வைப்பா.

காலையில போன் பண்ணி முதல்ல அர்த்தம் சொன்னேன். அப்புறம் நிரலைப் பத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திட்டுவான்னு காத்திருந்தேன்.

"அப்ப எனக்கு மூளை மழுங்கலை?" அவ்வளவுதான் கேட்டா.

"இல்லைக்கா."

"எரும மாடே. இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" போனை வச்சுட்டா. ரெண்டு நாள் ஆட்டமும் வரலை, பேச்சும் வரலை.

மூணாவது நாள் அவளே புது ஆட்டம் ஆரம்பிச்சா, ஒரு நிபந்தனையோட. ஆடறப்ப நிரல் கூடாது. ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேர் கையில இருந்த எழுத்தையும் அதுல போட்டுப் பார்த்து, தவறவிட்டதுல ஒரு வார்த்தையை அர்த்தத்தோட நான் அவளுக்கு எழுதி அனுப்பணும். தினம் ஒண்ணு. லிப்கோ கணக்கு இப்ப தலைகீழ்.

போன வாரம் ரெண்டு 'வி'யோட மாட்டிக்கிட்டு முழிப்பான்னு நினைச்சேன். 'வெட்டிவர்'னு ஏழையும் இறக்கிட்டா. பலகை போனஸை விட்டாலும் 63. "வெட்டிவேர்டா, நம்ம ஊர் வார்த்தை. இதுக்கெல்லாம் நிரல் வேணுமா?"ன்னா.

பத்துக்கு எட்டு மறுபடி அவளுக்கே. தோக்கறது இவ்வளவு நிம்மதியா இருக்கும்னு நினைக்கலை.

டிஸ்கி: அந்த முப்பது வரியை அனுப்புங்கன்னு யாரும் பின்னூட்டத்துல கேட்காதீங்க. உங்களுக்கும் அக்கா இருக்கலாம்.