மலையில் படித்த பாடம், கடலில் எரியும் விளக்கு



"அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு நாளை என் பிள்ளை என்ன வேலைக்குப் போவான், ஐயா?" இவ்வினா ஆண்டுதோறும் என் காதில் விழுகிறது. அறிவியலும் கணிதமும் 2003இல் ஆங்கிலத்திற்கு மாறியபோது இது எழுந்தது; 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது மீண்டும் எழுந்தது. கேட்போரை நான் குறைகூற மாட்டேன். போ தேயிலை நிறுவனம் தோன்றிய 1929ஆம் ஆண்டு தொட்டு இம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்த சமுதாயம் நம்முடையது. தம் பிள்ளையேனும் வேறு வாழ்வு காணவேண்டும் எனும் தவிப்பே அவ்வினாவாக வெளிப்படுகிறது.

அதற்கு விடையாக, எங்கள் முன்னாள் மாணவர் ஒருவரின் தொழிலைப் பற்றி எழுத விழைகிறேன். தோட்டத்து லயத்தில் வளர்ந்த அவர், இன்று லுமுட்டில் உல்லாசப் படகுகளுக்கு நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகள் பொருத்துகிறார். அண்மையில் விடுப்பில் வந்திருந்தபோது, ஒரு முழ நீள விளக்கு நாடாவோடு வகுப்பிற்கு வந்தார்.

நாடாவிலுள்ள ஒவ்வொரு விளக்கினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிப்புள்ளிகள் உள்ளன. சிவப்பையும் பச்சையையும் மட்டும் எரியவிட்டார். மஞ்சள் ஒளி வந்தது. "ஓவிய வகுப்பில் இவ்விரண்டையும் கலந்தால் பழுப்புதானே வரும், அண்ணா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி! சாயம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது; ஆகவே சாயங்கள் சேரச்சேர இருள்கிறது. ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடுகிறது. மூன்றும் சேர்ந்தால் வெண்மையே கிட்டும். ஒவ்வொரு நிறத்தையும் நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றி, எரியும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் கட்டுப்பாட்டுக் கருவி எண்ணற்ற நிறங்களைப் படைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே வந்துவிட்டது. பளிச்சிடும் நீலத்திற்கு உலகம் 1990கள் வரை காத்திருந்தது. அதனைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு அவர், "இந்த நாடாவை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது, மூன்று விளக்குக்கு ஒருமுறை போட்டிருக்கும் கோட்டில்தான் வெட்டலாம். ஏன்?" என்று கேட்டார். மாணவர்கள் விழித்தனர். "தொடர் மின்சுற்று, இணைக்கரை மின்சுற்று படித்தீர்களே!" என்றவுடன் பின்வரிசை மாணவன் எழுந்துவிட்டான். மும்மூன்று விளக்குகள் தொடராகவும், அக்குழுக்கள் தமக்குள் இணைக்கரையாகவும் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு குழுவில் இணைப்பு அறுந்தால் அம்மூன்று மட்டுமே இருளும்; மற்றவை எரியும். நாம் கரும்பலகையில் வரையும் அதே படம்தான்!

படகில் இப்பணி வீட்டில் செய்வதைப் போன்றதன்று. உப்புக்காற்று வெறும் செம்புக் கம்பியை அரித்துவிடும். ஆதலால் வெள்ளீயம் பூசிய கம்பி வேண்டும். கம்பியில் கோளாறு நேர்ந்தால் தீப்பற்றாதிருக்க, மின்கலத்தின் அருகிலேயே உருகி வைக்கவேண்டும். 12 வோல்ட்டு மின்கலம் மின்னேறும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். அதைத் தாங்கும் ஏற்பாடும் தேவை.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. கடலில் நிறம் என்பது மொழி. 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, இயந்திரப் படகின் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் பின்புறம் வெள்ளையும் எரியவேண்டும். இருளில் எதிர்ப்படும் படகு எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதை இந்நிறங்களே உணர்த்துகின்றன. இவற்றோடு குழப்பிக்கொள்ளத்தக்க வேறு விளக்குகளைப் பயணத்தில் ஏற்றக்கூடாது. ஆகவே, உரிமையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அலங்கார விளக்குகளுக்குத் தனி விசை வைப்பதாகவும், படகு புறப்படுமுன் அவற்றை அணைக்கவேண்டும் என்று அறிவுறுத்திய பின்னரே சாவியை ஒப்படைப்பதாகவும் அவர் சொன்னார். என் மனத்தை நிறைத்தது இதுவே. அழகைவிட உயிர் பெரிது என்று தெரிந்த கைகளில் அத்தொழில் இருக்கிறது.

வகுப்பின் வாசலில் ஒரு தாயார் நின்றிருந்தார். மகளை வேறு பள்ளிக்கு மாற்ற எண்ணியிருந்தவர். "இதெல்லாம் எந்த மொழியில் படித்தீர்கள், தம்பி?" என்று கேட்டார். "மின்சுற்று தமிழில் புரிந்தது, அக்கா. ஆங்கிலப் பெயர்களைப் பட்டறையில் கற்றுக்கொண்டேன். கடைக்காரரோடு பேசுவது மலாயில்" என்றார் அவர். தாயார் என்ன முடிவெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய உரிமை.

ஆங்கிலம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. அது கட்டாயம் வேண்டும். ஆயினும், பொருள் முதலில் விளங்கினால் பெயர்கள் எம்மொழியிலும் பின்தொடரும் என்பதே என் பட்டறிவு. பொருள் விளங்காத பெயரோ எம்மொழியிலும் மனப்பாடமே.

பெற்றோர்களே, மூன்று கைவிளக்குகளின் முகப்பில் சிவப்பு, பச்சை, நீல நிறக் கண்ணாடித் தாள்களைக் கட்டி, இருண்ட அறையில் வெள்ளைச் சுவரின் ஒரே இடத்தில் பாய்ச்சிப் பாருங்கள். பிள்ளை ஏன் என்று கேட்டால், உங்கள் மொழியிலேயே விடை சொல்லுங்கள்.